திறந்த வாசலுக்கு ஒரு கண்

மேற்கு மாம்பலத்தில் மாலை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவே ஒரு வெளிச்சம் வரும். மஞ்சளும் இல்லை, சாம்பலும் இல்லை. ரயிலிலிருந்து இறங்கி வருகிறவர்களின் சட்டையெல்லாம் அதில் ஒரே நிறமாகிவிடும். முகங்கள் பாதி கரைந்து, பாதி மிதந்து போகும். அந்த ஒரு மணி நேரத்தை ஏறக்குறைய ஒரு மாதம் நான் தினமும் படமாகப் பார்த்தேன். நூற்று அறுபது புள்ளி அகலம், நூற்று இருபது புள்ளி உயரம், கறுப்பிலிருந்து வெள்ளைக்குள் பதினாறே சாயல். அவ்வளவு சின்னப் படத்தில் ஒரு தெரு எப்படி அடங்கியது என்று கேட்காதீர்கள். அடங்கியது. இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு மாம்பலத்தை நினைத்தால், நான் நடந்த தெரு வருவதில்லை. புள்ளி புள்ளியாய் நடுங்குகிற அந்தத் தெருதான் வருகிறது.

அந்தத் தெருவில் ஒரு பழைய வீட்டின் கீழ்ப் போர்ஷனில் என் பெரியம்மா தனியாகக் குடியிருந்தாள். குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பாள். நாங்கள் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், தி. நகரில். சைக்கிளில் சப்வேக்குள் இறங்கி ஏறினால் பத்து நிமிஷம். நான் அப்போது இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். கம்ப்யூட்டரைப் பிடித்தால் சோறு இறங்காது என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

பெரியம்மா வீட்டில் மாலையானால் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் கொல்லைக் கதவைச் சாத்துவாள். பிறகு வாசல் கதவின் இரண்டு பக்கத்தையும் விரியத் திறந்து வைப்பாள். இருட்ட ஆரம்பித்ததும் வாசலோரம் விளக்கேற்றுவாள். மகாலட்சுமி வருகிற வேளை. முன்னால் வந்தவள் பின்னால் போய்விடக் கூடாது, அதற்குத்தான் கொல்லைக் கதவு. மழையானாலும், கொசுவானாலும், கரண்ட் போனாலும் அந்த ஒரு மணி நேரம் வாசல் திறந்தே இருக்கும்.

அந்த ஆடி மாதத்தில் ஒரு நாள், மகாலட்சுமிக்குப் பதில் வேறு யாரோ வந்துவிட்டார்கள். பெரியம்மா கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்த நாலு நிமிஷத்தில், கூடத்திலிருந்த டேப் ரெக்கார்டரும் பூஜை அலமாரியிலிருந்த வெள்ளிச் சொம்பும் போய்விட்டன. நல்ல மழை, தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. விளக்கு மட்டும் அசையாமல் எரிந்துகொண்டிருந்ததாம்.

பெரியம்மாவின் ஒரே பிள்ளை, என் அண்ணா, பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தான். இன்னும் கல்யாணம் ஆகாதவன். விஷயம் தெரிந்ததும் எங்கள் வீட்டுக்குத்தான் போன் செய்தான்.

"அம்மா கதவைச் சாத்திக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் நான் வாயையே திறக்கல."

"சொல்ல மாட்டா அண்ணா."

"தெரியும். அதனாலதான் தீபாவளிக்கு வந்து வீட்டைக் காலி பண்ணி அழைச்சுண்டு போறேன். அடுத்த தடவை சொம்போட விடுவானாடி? அம்மா உள்ள தனியா இருக்கா."

அவன் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

பெரியம்மா என்னிடம் சொன்னதோ வேறு. "அங்க நான் என்னடி பண்ணுவேன்? மூணாவது மாடி. காலம்பற எட்டுக்குப் போறவன் பத்து மணிக்கு வரான். எதிர்த்த ஆத்துல யார் இருக்கான்னு அவனுக்கே தெரியாது. நான் என்ன, சுவத்துக்கு சரளி வரிசை சொல்லிக்குடுக்கவா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு முடிந்த பிறகும் கை புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தது. முப்பது வருஷமாக அவள் இருக்கும் தெரு அது.

அன்றைக்கு சப்வேக்குள் சைக்கிளை மிதித்துக்கொண்டு போகும்போது எனக்கு அந்த யோசனை வந்தது. கதவைச் சாத்த மாட்டாள், சரி. திறந்த கதவை ஏதாவது ஒன்று பார்த்துக்கொண்டே இருந்தால்?

என்னிடம் மூன்று பொருள் இருந்தன. ரிச்சி தெருவிலிருந்து ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடி. அப்புறம், காலேஜில் சீனியர் ஒருத்தியின் அண்ணன் அமெரிக்காவிலிருந்து வாங்கிவந்து, யாருக்கும் வேண்டாமல் கிடந்த குட்டிக் கேமரா. எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டை, நடுவில் ஒற்றைக் கண். பிரின்டர் மாட்டுகிற இடத்தில் அதை மாட்ட வேண்டும். கரண்டை கீபோர்டின் ஒயரிலிருந்து திருடிக்கொள்ளும்.

அண்ணாவுக்கு ஈமெயில் போட்டேன். தினமும் சாயங்காலம் ஆறரைக்கு வாசலின் படம் ஒன்று உனக்கு வரும். நடுவில் யாராவது உள்ளே வந்தால் அந்தப் படங்களும் கம்ப்யூட்டரில் இருக்கும். ஒரு மாதம் பார், பிறகு முடிவு செய். மறுநாள் பதில் வந்தது: "ஒரு மாசம். ஒரு நாள் படம் வரலன்னாலும் நான் சொல்றதுதான்."

பெரியம்மா வீட்டுக் கூடத்தில், கதவைப் பார்த்த மாதிரி ஒரு பெஞ்சைப் போட்டு எல்லாவற்றையும் அடுக்கினேன். கேமராவின் ஒயர் ரொம்பக் குட்டை. அதனால் கம்ப்யூட்டரையே வாசலுக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டியிருந்தது. பெரியம்மா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ஏண்டி, திருடன் வந்தா முதல்ல இதைத்தானே தூக்கிண்டு போவான்?"

"தூக்கினா அவன் மூஞ்சி விழும் பெரியம்மா."

"எங்க விழும்?"

"இதுக்குள்ளதான்."

"அதைத்தான் அவன் தூக்கிண்டு போயிட்டானே!"

ஆறரைப் படம் மோடம் வழியாகப் போய்விடும் என்று மழுப்பினேன். பெரியம்மா பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டாள்.

லினக்ஸை ஏற்ற மூன்று மாலை பிடித்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் அருவி மாதிரி இறங்கும். ஏதோ ஒரு வரியில் நின்று ஒன்றும் சொல்லாமல் பார்க்கும். நானும் பார்ப்பேன். உள்ளே பாட்டு வகுப்பில் நாலு குழந்தைகள் மாயாமாளவகௌளையை மேலும் கீழும் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும். எந்த வரி எங்கே நின்றது என்று இப்போது ஞாபகமில்லை. நிற்கும்போதெல்லாம் அந்த ராகம் ஓடிக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மூன்றாம் நாள் கேமராவின் கண்ணைச் சுற்றியிருந்த வளையத்தைத் திருகத் திருக, பனிமூட்டத்துக்குள்ளிருந்து பெரியம்மாவின் வாசல் மெல்ல எழுந்து வந்தது. இரண்டு படி, நிலைப்படியின் மாவிலை, தெருவின் ஒரு துண்டு. அதில் ஒரு சைக்கிள் கடந்தது. கடந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. இடது பக்கம் இருந்தது, பிறகு வலது பக்கம் இருந்தது.

"நம்ம ஆத்து வாசலா இது?" என்றாள் பெரியம்மா. "ஏதோ சொப்பனத்துல வர வாசல் மாதிரின்னா இருக்கு."

மிச்சம் நான் எழுதின புரோகிராம். இரண்டு நொடிக்கு ஒரு படம் எடுக்கும். வெறும் வாசலின் படம் ஒன்றை முதலிலேயே எடுத்து வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொன்றையும் அதோடு புள்ளிக்குப் புள்ளி கழித்துப் பார்க்கும். வித்தியாசம் அதிகமாக இருந்தால், யாரோ வந்திருக்கிறார்கள் என்று சேமித்து வைக்கும். அவ்வளவுதான். நானே எனக்கு ஒரு சபாஷ் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் வந்து பார்த்தால் ஆயிரத்துக்கும் மேல் படம். ஒன்றில்கூடப் படி ஏறி வந்த ஆள் இல்லை. நான் எடுத்து வைத்தது ஐந்தரை மணி வாசல். ஆறு மணிக்கு அது வேறு வாசல். வெளிச்சம் இறங்க இறங்க புரோகிராம் பதறிப்போய் ஒவ்வொரு நொடியையும் பிடித்து வைத்திருக்கிறது. சூரியன்தான் திருடன். அந்த ஆயிரம் படத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக ஓடவிட்டேன். வாசல் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சை உள்ளே இழுப்பது போல் இருட்டிக்கொண்டே வந்து, திடீரென்று நடுவில் ஒரு வெள்ளைப் பூ மலர்ந்தது. பெரியம்மா விளக்கேற்றின நொடி அது. அழிக்க மனசு வராமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அழித்தேன்.

அடுத்து, பழைய படத்தோடு ஒப்பிடாமல் சற்று முன் எடுத்த படத்தோடு ஒப்பிடச் சொன்னேன். சூரியன் அடங்கினான். விளக்கும் ட்யூப் லைட்டும் பாக்கி. படம் முழுக்க ஒரே அடியாக மாறினால் அது ஆள் இல்லை, வெளிச்சம், விட்டுவிடு என்று ஒரு வரி சேர்த்தேன். அதுவும் அடங்கியது.

அப்புறம் பூக்காரம்மா. அவள் மாலையானால் பெரியம்மா வீட்டுப் படியோரம் கூடையை வைத்துக்கொண்டு உட்காருவாள். படத்தில் இடது கீழ் மூலையில் அவளுடைய தோளும் கைகளும் தெரியும். பூக்கட்டுகிற கைகள் ஒரு நொடி நிற்க வேண்டுமே! நிற்காது. புரோகிராமுக்கோ அசைவதெல்லாம் ஆபத்து. அவளைப் போய் வேறு இடத்தில் உட்காரச் சொல்ல முடியுமா? பெரியம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன்.

"நீ உன் மிஷினை வேற இடத்துல வெச்சுக்கோ. அவ உக்காந்து பன்னண்டு வருஷம் ஆறது."

ஆகவே அந்த மூலையைப் பார்க்காதே என்று புரோகிராமுக்குச் சொல்லிவிட்டேன். படத்தின் அந்தப் பகுதியைக் கறுப்புச் சதுரத்தால் மூடினேன். உடனே நிம்மதி. படி ஏறி வருகிறவர்கள் மட்டும் விழுந்தார்கள். தபால்காரர், வகுப்புக் குழந்தைகள், ஒரு பூனை, மேல் போர்ஷன் மாமா. ஆறரைக்கு மோடம் கீச்சிட்டு, பொருமி, ஒரு படத்தை பெங்களூருக்கு அனுப்பும். பெரும்பாலும் அந்தப் படத்தில் பெரியம்மா நிலையில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். முகம் தெரியாது. சாம்பல் நிறத்தில் ஒரு நிழல், பின்னால் தீபத்தின் ஒளி கசிந்து ஒரு வட்டம். அண்ணாவிடமிருந்து தினமும் ஒரே சொல்லில் பதில் வரும்: "சரி."

பத்து சரி. பதினைந்து சரி. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். பெரியம்மா எண்ணவில்லை என்பது போல் காட்டிக்கொண்டாள். ஆனால் ஆறரை அடித்ததும் மோடத்தின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துவிட்டுத்தான் அடுக்களைக்குள் போவாள்.

நவராத்திரி வந்தது. பெரியம்மா ஐந்து படி கொலு வைத்தாள். இதை நான் யோசித்திருக்க வேண்டும். சாயங்காலமானால் தெருவே அந்த இரண்டு படியில் ஏறி இறங்கியது. பட்டுப் பாவாடை, சுண்டல், வெற்றிலை பாக்கு. ஒவ்வொரு மாமியும் ஒவ்வொரு பாவாடையும் ஒரு படம். மூன்றாம் நாள் டிஸ்க் நிரம்பிவிட்டது. ஆறரைப் படத்தைச் சேமிக்கக்கூட இடமில்லாமல், மோடம் வாயைத் திறக்கவே இல்லை. ஏழு மணிக்கு அண்ணா போன் பண்ணினான். பெரியம்மாவே எடுத்து, "சுண்டல் குடுத்துண்டிருக்கேண்டா, அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டாள். அவன் எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டு என்னிடம் சொன்னான்: "இது ஒண்ணை மன்னிச்சுட்டேன். இன்னொண்ணு இல்ல."

அதன் பிறகு தினமும் பழைய படங்களை அழித்துக் காவல் காத்தேன். சரஸ்வதி பூஜையன்று மட்டும் போகவில்லை. எங்கள் வீட்டிலும் புத்தகமெல்லாம் பூஜையில். என் சைக்கிளுக்கும் சந்தனம், குங்குமம், ஹேண்டில்பாரில் ஒரு முழம் கதம்பம். அன்றைக்கு எதையும் தொடக் கூடாது என்பதால் நானே ஒரு சோம்பல் கனவில் மொட்டை மாடியில் கிடந்தேன்.

ஆறே முக்காலுக்கு அம்மா மாடிப்படியில் நின்று கத்தினாள். "அண்ணா போன்ல! உடனே வா!"

"அங்க என்னடி நடக்கறது?" என்றான். மூச்சு வாங்கியது. "படம் முழுக்க ஏதோ அடைச்சுண்டிருக்கு. நடுவுல பெரிசா ஒரு இருட்டு. ஓரத்துல மட்டும் கொஞ்சம் வெளிச்சம். யாரோ கேமராவைக் கையால பொத்தியிருக்கா. அம்மாவுக்குப் போன் அடிச்சிண்டே இருக்கு, எடுக்கல."

பூச்சூடின சைக்கிளில் பறந்தேன். ஒவ்வொரு கடையிலும் பூசணிக்காய், எலுமிச்சம்பழம், வாழைக்கன்று. ஆட்டோக்கள் மாலை போட்டுக்கொண்டு மாப்பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. சப்வேக்குள் இறங்கும்போது ஊர் முழுக்க மெதுவாக அசைவது போலவும் நான் மட்டும் வேகமாகப் போவது போலவும் இருந்தது. தண்ணீருக்குள் ஓடுகிற மாதிரி. பெரியம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்கிற வாக்கியத்தை மனசு பாதியிலேயே நிறுத்தி நிறுத்தி மறுபடி ஆரம்பித்தது.

வாசல் விரியத் திறந்திருந்தது. விளக்கு எரிந்தது. கொலுவில் பொம்மைகள் எல்லாம் என்னைப் பார்த்தன. கூடத்தில் யாரும் இல்லை. அடுக்களையில் இல்லை. கொல்லைக் கதவு சாத்தியிருந்தது. "பெரியம்மா!" என்று கத்தினேன்.

"இன்னா பாப்பா, இன்னாத்துக்கு இப்டிக் கூவற?" படியோரத்திலிருந்து பூக்காரம்மாவின் குரல். "மாமி பக்கத்து வூட்ல கொலு பாக்கப் போய்க்கீது."

"கதவத் தொறந்து போட்டுட்டா?"

"தொறந்து போட்டா இன்னா? நான் இங்கதானே குந்திக்கினு கீறேன். எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போச்சு. இன்னைக்கா புச்சா? பன்னெண்டு வருசமா மாமி கொல்லப்பக்கம் போனாலும், கோயிலுக்குப் போனாலும் நான்தான் பாத்துக்கினு கீறேன். அன்னிக்கு மட்டும் மழையில கூடையத் தூக்கிக்கினு ஓடிட்டேன். அந்த நேரம் பாத்து எவனோ நாதாரி பூந்துட்டான்." கை மட்டும் பூவைத் தொடுத்துக்கொண்டே இருந்தது. "இப்ப மழ வந்தாலும் பாலிதீன் போத்திக்கினு இங்கியே கெடக்குறேன். உன் பொட்டிக்கு அதெல்லாம் தெரியாது."

தெரியாதுதான். நான்தான் அவளைக் கறுப்புச் சதுரம் போட்டு மூடிவைத்திருந்தேனே. அந்த வாசலில் காவல் இருந்தது அவள் ஒருத்தி. அவளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கும்படி நான் ஒரு கண் செய்திருந்தேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் ஒரு கிள்ளு மல்லிகையைக் கிள்ளி என் மடியில் போட்டாள்.

பெரியம்மா கையில் சுண்டல் பொட்டலத்தோடு வந்தாள். "பூஜையும் அதுவுமா சைக்கிளை எடுத்திருக்கியேடி!"

நான் உள்ளே கையைக் காட்டினேன். அப்போதுதான் பெஞ்சைச் சரியாகப் பார்த்தேன். மானிட்டரின் நெற்றியில் சந்தனம், குங்குமம். கீபோர்டில் சந்தனம், குங்குமம். மோடத்துக்கு ஒரு சின்னப் பொட்டு. கேமரா உருண்டைக்கு, கரெக்டாக அந்த ஒற்றைக் கண்ணின் மேல், ஐந்து பைசா அளவுக்கு ஈரச் சந்தனம். அதன் நடுவே குங்குமம்.

"ஆயுதம்னா எல்லாத்துக்கும்தானே வெக்கணும்?" என்றாள் பெரியம்மா. "அணைக்கக் கூடாதுன்னு நீ சொல்லியிருக்கே. அதனால எரிஞ்சிண்டிருக்கறச்சேயே வெச்சேன். அந்த உருண்டைக்கு நெத்தி எது, கண் எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அண்ணாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "ராத்திரி ரயிலுக்குக் கிளம்பறேன்" என்று மட்டும் சொன்னான். அவன் என்ன சொன்னான் என்று பெரியம்மா கேட்டாள். சொன்னேன். சுண்டல் பொட்டலத்தைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தாள்.

விடிந்தால் விஜயதசமி. அண்ணா பையோடு வந்தபோது கூடம் முழுக்கத் தாம்பாளங்கள். புதிதாகப் பாட்டு ஆரம்பிக்கிற குழந்தைகள், அவர்களின் அம்மாக்கள், வாழைப்பழம், தேங்காய். அவனுக்கு உட்கார இடமில்லை. ஐந்து வயதுப் பெண் ஒன்று நகர்ந்து பாயில் இடம் கொடுத்தது. "நீங்களும் இன்னிக்குத்தான் சேர்றேளா மாமா?" என்று கேட்டது. மத்தியானம் வரை அவன் வாயைத் திறக்க முடியவில்லை.

மாலையில்தான் பேச்சு வந்தது. கொல்லைக் கதவு சாத்தியாயிற்று, வாசல் திறந்தாயிற்று, விளக்கு ஏற்றியாயிற்று. நாங்கள் மூவரும் கூடத்தில். நான் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். கறுப்புச் சதுரத்தை எடுத்துவிட்டுப் படத்தையும் காட்டினேன். இடது மூலையில் அந்தக் கைகள் ஓயாமல் அசைந்தன.

"அவ இருக்கா, சரி. மழையிலயும் இருக்கேங்கறா, சரி," என்றான் அண்ணா. "ஒரு நாள் உடம்பு சரியில்லாம வராம இருந்தா?"

"அன்னிக்குக் கதவை ஒருக்களிச்சு வெச்சுண்டு நானே நிலையில உக்காந்துக்கறேன்," என்றாள் பெரியம்மா. "நேத்து நீ போன் பண்ணறச்சே நான் எடுக்கல. எவ்வளவு நேரம் துடிச்சே?"

"முக்கால் மணி."

"போன வருஷம் மஞ்சக்காமாலை வந்து பத்து நாள் படுத்திருந்தியே. பதினோராம் நாள் தேறினப்புறம்தான் எனக்குச் சொன்னே. அந்தப் பத்து நாள் உன் கதவை யார்டா தட்டினா?"

அவன் தெருவைப் பார்த்தான். மேல் போர்ஷன் மாமா ஏறிப் போனார். "எப்போ வந்தே?" என்று நிற்காமலே கேட்டுவிட்டுப் போனார்.

"அந்த உருண்டைய நீ எடுத்துண்டு போ," என்றாள் பெரியம்மா. "உன் கதவுக்கு வை. எனக்கு ஒரு படம் அனுப்பு. உன்னைத்தான் யாரும் பாக்கறதில்ல."

இது சண்டையில் சொல்கிற குரலே இல்லை. கறிவேப்பிலை வாங்கிவா என்கிற குரல். அண்ணா என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்தேன். அதில் எங்கள் மூவரின் முதுகும் இல்லை, வாசல் மட்டும்தான் இருந்தது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

"தீபாவளிக்கு வரேன்," என்றான் கடைசியில்.

பெரியம்மாவின் கை தலைப்பைப் பிடித்தது.

"வீட்டைக் காலி பண்ண இல்லம்மா. எண்ணெய் தேச்சுக்க."

வாசலிலிருந்து பூக்காரம்மா குரல் கொடுத்தாள். "மாமி, புள்ளைக்கு ஒரு பொண்ணப் பாரு முதல்ல. இந்த பொட்டியெல்லாம் எதுக்கு?"

அவன் கேமராவைத் தோசைக்கல் அளவு மைசூர்பாகுப் பெட்டிக்கும் துவைத்த துணிக்கும் நடுவே வைத்து எடுத்துப்போனான். அவன் கம்ப்யூட்டரில் லினக்ஸோடு அதையும் என் புரோகிராமையும் எப்படி ஏற்றுவது என்று பதினொரு பக்கம் எழுதிக்கொடுத்தேன். கம்ப்யூட்டரும் மோடமும் பெரியம்மா வீட்டிலேயே இருந்தன, படம் வாங்கிக்கொள்ள.

ஒரு வாரத்தில் வர ஆரம்பித்தது. உள்ளிருந்து பார்த்த ஒரு சாத்தின கதவு. ஒரு நாளைக்கு இரண்டே படம். காலையில் ஒரு முதுகு வெளியே போகும். இரவில் ஒரு நிழல் உள்ளே வரும். நடுவில் அந்தக் கதவில் எதுவுமே அசையாததால் புரோகிராம் எதையும் சேமிக்கவில்லை. சூரியன்கூட அங்கே வரவில்லை. இதைவிட ஒழுங்காக என் புரோகிராம் எங்கும் வேலை செய்ததில்லை. பெரியம்மா தினமும் விளக்கேற்றும் முன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த இரண்டு சாம்பல் படத்தையும் பார்ப்பாள். "இளைச்சுட்டான்," என்பாள். பதினாறு சாயலில் அவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது.

கார்த்திகையில் ஒரு நாள் மூன்று படம் வந்திருந்தது. மூன்றாவதில் கதவு பாதி திறந்திருந்தது. அண்ணாவின் தோள். அதற்கு அப்பால் மூடி போட்ட ஒரு எவர்சில்வர் பாத்திரத்தை நீட்டுகிற ஒரு கை. மணிக்கட்டில் வளையல் போல ஒரு வெள்ளைக் கோடு.

பெரியம்மா திரைக்குக் கிட்டே குனிந்தாள். பிறகு தள்ளி நின்று பார்த்தாள். பிறகு மறுபடி குனிந்தாள்.

"யார்டி அது?"

"தெரியல பெரியம்மா. எதிர் வீடோ என்னமோ."

"பெரிசாக்க முடியாதா?"

"ஆக்கினா புள்ளிதான் பெரிசாகும்."

"ஆக்கு," என்றாள்.

ஆக்கினேன். கை கரைந்து சாம்பல் சதுரங்களாயிற்று. அவள் அந்தச் சதுரங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே தெரு இருட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கு விளக்கேற்றக் கொஞ்சம் தாமதமாயிற்று.